நொண்டியோடையின் முகூர்த்தக்கால்

வேப்பனூத்திலிருந்து திருமங்கலம் போகிற சாலையில், ஊர் எல்லை தாண்டியதும் நொண்டியோடை குறுக்கே கிடக்கும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் ஆடு படுத்திருக்கும். ஆடு எழுந்து போனால் அந்த நிழலில் சீட்டுக்கட்டு இறங்கும். தண்ணீர் வந்தாலும் போவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் வரும். அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் மேற்கே மலைப் பக்கம் மழை பிடித்தால் நொண்டிக்குக் கால் சரியாகிவிடும். இங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். துணி காயப்போட்ட பெண்கள் கொடியை விட்டு இன்னும் நகர்ந்திருக்க மாட்டார்கள். அதற்குள் செந்தண்ணீர் தரைப்பாலத்தின் மேல் ஏறி ஓடும்.

தரைப்பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. படுகையோடு படுகையாகச் சிமெண்டு போட்டு வைத்ததுதான் பாலம். தண்ணீர் மூடிவிட்டால் பாலம் எது, பள்ளம் எது என்று கட்டியவனே வந்தாலும் சொல்ல முடியாது. அதற்காகச் சாலை ஆபீஸ்காரர்கள் இரண்டு கரையிலும் துளை போட்ட கல்தூண்களை நட்டு, கரைக்கொரு சவுக்குக் கம்பு கொடுத்திருந்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த கம்பு. தண்ணீர் வந்தால் சாலைக் கூலியாளான மஸ்தூர் பேச்சிமுத்து கம்பைக் குறுக்கே செருகிவிட்டு, பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்துகொள்வார்.

கம்பைப் போடுவது பேச்சிமுத்துவின் வேலை. அதை எடுக்கவைப்பது மற்ற எல்லாருடைய வேலை.

“அண்ணே, முட்டளவு தண்ணிக்கா கம்பு?”

“இடுப்பளவு கெடக்கு.”

“சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். தொடையளவுன்னு வச்சுக்குவோம்.”

தண்ணீரின் ஆழத்துக்கே பேரம். தொடையளவு என்று முடிந்ததும் இரண்டு பீடி கைமாறும். கம்பின் ஒரு முனை தானாக மேலே போகும். பல வருஷம் இப்படித்தான் எல்லாருக்கும் சௌகரியமாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு ஓவர்சியர் மாற்றலாகி வந்தார். காவேரிக் கரைக்காரர், தண்ணீர் என்றால் மரியாதை. பீடிக்கு மசியக் கூடாது என்று பேச்சிமுத்துவைக் கண்டித்துவிட்டார். அன்றிலிருந்து கம்பு விழுந்தால் விழுந்ததுதான்.

இதில் பெரிய அடி பேயாண்டிக்கு. அவர் வேப்பனூத்தில் காய்கறிக் கமிஷன் வியாபாரி. சுற்றுப்பட்டித் தக்காளி, கத்தரிக்காயெல்லாம் அவர் வேனில் ஏறித்தான் மதுரை சிம்மக்கல் மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். கம்புக்கு இந்தப் பக்கம் வேன் நிற்க நிற்க, கூடையிலிருந்து தக்காளிச் சாறு சாலையில் சொட்டும். ஓடையில் தண்ணீர் வடிவதற்கும் கூடையில் தக்காளி வடிவதற்கும் சரியாக இருக்கும்.

பேயாண்டியின் அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற சந்தையில் வளர்ந்தவர் பேயாண்டி. கோயிலில் விபூதி வாங்கினாலும் “கொஞ்சம் சேத்துப் போடுங்க சாமி” என்று கையை மடக்காமல் நிற்பார். அப்படிப்பட்டவர் ஒரு கம்பிடம் தோற்றுப்போவாரா? நாலு வியாபாரிகளைச் சேர்த்துக்கொண்டு, கம்பை எடுக்கச் சொல்லி ஒரு மனுவோடு சாலை ஆபீசுக்குப் போய்விட்டார்.

“ஐயா, சிம்மக்கல் முக்குல காலையில நின்னு பாத்திருக்கீங்களா? லாரி, குதுரவண்டி, தள்ளுவண்டி, எருமை, எல்லாம் ஒரே நேரத்துல உள்ள வருது. அங்க யாரு கம்பு போட்டா? அவனவன் அறிவை வச்சுத்தானே ஓட்டுறான்?”

“ஒரு நாளைக்கு எத்தனை இடி இடிச்சுக்கறான்?” என்றார் ஓவர்சியர்.

“அது சின்னச் சின்ன இடிங்க. பழகுன இடி.”

“பேயாண்டி, தண்ணி பழகிண்டு வராது. ஆள் பாத்தும் வராது.”

“அதான் நாங்க தண்ணியைப் பாக்குறோமே. டிரைவர் என்ன கண்ணு தெரியாதவனா? அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு. சாகணும்னா கம்பைத் தூக்கிட்டுப் போய்ச் சாகமாட்டானா? அவன் அறிவை நம்புங்கய்யா. கம்பை எடுத்துட்டு ஒரு அளவுக்கல்லை நடுங்க. சிவப்புக் கோடு வரைக்கும் தண்ணி இருந்தாப் போலாம், கோடு முழுகுனா நிக்கணும். பாத்தா எவனுக்கும் தெரியும்.”

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பேயாண்டி பேசினால் அழுகல் கத்தரிக்காய்கூட ஒரு நிமிஷம் பளபளப்பாகத் தெரியும். ஓவர்சியர் மேலே எழுதினார். மேலே இருந்தவர்களுக்கு, ஒரு மஸ்தூரைக் கம்புக்குக் காவல் வைப்பதைவிட ஒரு கல்லை நடுவது லாபம் என்று பட்டதோ என்னவோ, உத்தரவு வந்துவிட்டது. அளவுக்கல் நட்டார்கள். கம்புகளை ஏலத்தில் விட்டார்கள். ஊர்க்கரைக் கம்புக்கு ஏலம் கேட்க வந்தவர் பேயாண்டி ஒருவர்தான். அப்படியும் பழக்கதோஷத்தில் முதலில் கேட்டதிலிருந்து குறைக்கச் சொல்லித் தன்னோடு தானே பேரம் பேசி, வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அந்த வருஷம் முதல் தண்ணீர் வந்தபோது பேயாண்டி வேலையை விட்டுவிட்டு ஓடைக்கரைக்குப் போய் நின்றார். இந்தக் கரையில் இரண்டு லாரி. எதிர்க்கரையில் ஒரு டவுன் பஸ். மூன்று டிரைவர்களும் இறங்கிக் கல்லைப் பார்த்தார்கள். கோடு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. யாரும் முதலில் போகவில்லை. யாரும் பயந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் டயரை உதைத்தார். ஒருவர் மேகத்தைப் பார்த்தார். அந்த நேரம் ஒரு எருமை யாரையும் கேட்காமல் தண்ணீரில் இறங்கி, வயிறு நனையாமல் அக்கரை ஏறியது. மூன்று பேரும் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்.

“பாத்தியா மாப்ள, பொது அறிவு!” என்று பேயாண்டி தொடையில் தட்டினார்.

பக்கத்தில் நின்ற அவருடைய மச்சான் சோணை, “யாரோட அறிவு மச்சான்? எருமையோடதா?” என்று கேட்டுவைத்தான். சோணைக்கு அப்படி ஒரு வாய். அக்கா புருஷன் என்றும் பார்க்கமாட்டான்.

அந்த ஐப்பசியில்தான் பேயாண்டியின் மகள் சீனியம்மாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருப்பரங்குன்றத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிற சுருளியின் மகன். சம்பந்தி சுருளியும் லேசுப்பட்டவரல்ல. நெளிந்த குடத்தின் நெளிவை டிசைன் என்று விற்றவர். இரண்டு பேரும் உட்கார்ந்து சீர் பேசினபோது வேடிக்கை பார்க்கவே ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். கல்யாணம் பெண் வீட்டில் என்று முடிந்தது. காலையில் மாப்பிள்ளை வீட்டார் தனி பஸ் பிடித்து வந்து இறங்குவதாக ஏற்பாடு.

பந்தல் போடும் நாளில் முகூர்த்தக்காலுக்குப் பச்சை மூங்கில் வாங்கச் சொன்னாள் பேயாண்டியின் மனைவி ரெங்கம்மாள்.

“வீட்ல அம்புட்டு நீளத்துக்குச் சவுக்குக் கம்பு கெடக்கையில மூங்கில் எதுக்கு?”

“அது கவர்மெண்டுக் கம்பு. செவப்பும் வெள்ளையுமா, ஆள மெரட்டுற கம்பு.”

“மஞ்சளை அப்பிட்டா எல்லாக் கம்பும் ஒண்ணுதான்.”

மஞ்சளை அப்பினார்கள். பெயிண்ட் தெரியாமல் இருக்க இன்னொரு தரம் அப்பினார்கள். கல்யாண முருங்கைக் கொப்பும் மாவிலைக் கொத்தும் கட்டி, நவதானியம் முடிந்த மஞ்சள் துணியைச் சுற்றி, சுமங்கலிகள் ஏழு பேர் பால் ஊற்றிப் பந்தலின் ஈசானி மூலையில் ஊன்றினார்கள். அரசாங்கத்துக் கம்பு ஒரே காலையில் சாமிக் கம்பாகிவிட்டது. அன்றிலிருந்து ரெங்கம்மாள் அதன் பக்கம் செருப்போடு யாரையும் விடவில்லை. அதில் துண்டைத் தொங்கப்போட்ட சமையல்காரர் வாங்கிய ஏச்சு மூன்று தெருவுக்குக் கேட்டது.

கல்யாணத்தன்று காலை நல்ல வெயில். மேளக்காரர்களும் மாப்பிள்ளை பஸ்ஸிலேயே வருவதாக இருந்ததால் பந்தலில் ரேடியோ செட்டுதான் முழங்கிக்கொண்டிருந்தது. திருமங்கலத்திலிருந்து முந்தின நாளே வந்துவிட்ட ஐயர், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் தாலி ஏறிவிட வேண்டும் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பேயாண்டி புது வேட்டி சரசரக்க வாசலில் நின்றார். சோணை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான்.

“மச்சான், ஓடை எந்திரிச்சிருச்சு.”

“வெயில் அடிக்குதேடா.”

“வெயில் இங்க அடிக்குது. மழை ராத்திரி மலையில அடிச்சிருக்கு.”

கல்யாண வீட்டுக்கும் ஓடைக்கும் கூப்பிடு தூரம். பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஓடை கரை கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் முதலில் தேடியது அளவுக்கல்லை. சிவப்புக் கோடு முழுகியிருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால், கோட்டோடு சேர்த்துக் கல்லையே காணவில்லை. கோடு முழுகினால் நிற்க வேண்டும் என்று சொன்னார்கள். கல்லே முழுகினால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை.

எதிர்க்கரையில் கல்யாண பஸ் வந்து நின்றிருந்தது. முகப்பில் வாழைக்கன்று, சாமந்தி மாலை. அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், இரண்டு மாட்டுவண்டி. தண்ணீர் இரைச்சலில் அந்தப் பக்கம் பேசுவது ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் பேயாண்டிக்குக் காது தேவைப்படவில்லை. சந்தையில் பத்து பேருக்கு அப்பால் நடக்கிற பேரத்தைத் தோள் அசைவில் படிக்கிறவர் அவர்.

டிரைவர் மலையாண்டி இறங்கி வந்தான். மதுரையில் எல்லாருக்கும் தெரிந்த நிதானமான டிரைவர். அவனைத்தான் வேண்டுமென்று கேட்டு அமர்த்தியிருந்தார்கள். தண்ணீரைப் பார்த்தான். பீடி பற்றவைத்தான். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். ‘அப்பாடா, அறிவுள்ளவன்’ என்று பேயாண்டி மூச்சு விட்டார்.

அப்புறம் சம்பந்தி சுருளி இறங்கினார். கைக்கடிகாரத்தை டிரைவரின் மூக்குக்கு நேரே காட்டினார். மலையாண்டி மறுபடி தலையாட்டினான், இந்த முறை கொஞ்சம் சின்னதாக. மாப்பிள்ளையின் மாமன்மார் நாலு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் தண்ணீரைக் காட்டித் தன் கணுக்காலைத் தொட்டார். இன்னொருத்தர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் எந்த டிரைவருக்கும் தெரியும். பஸ் ஜன்னல்களிலிருந்து அறுபது தலைகள் நீட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் சுருளி டிரைவரின் முதுகில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார்.

அது என்ன தட்டு என்று பேயாண்டிக்குத் தெரியும். மாடு வாங்க மனசில்லாதவனை வாங்கவைக்கிற தட்டு. அவருடைய அப்பா கண்டுபிடித்த தட்டு.

மலையாண்டி பீடியை எறிந்துவிட்டு வண்டியில் ஏறினான்.

“வேணாம்! வராதீக! நில்லுங்க!” பேயாண்டி தோள் துண்டை எடுத்து வீசு வீசென்று வீசினார். எதிர்க்கரையில் சம்பந்தி முகம் மலர்ந்து பதிலுக்குத் துண்டை வீசினார். வரவேற்பு பலமாக இருக்கிறதே என்று மேளக்காரர்கள் ஜன்னல் வழியாகவே நாயனத்தை நீட்டி ஆரம்பித்துவிட்டார்கள். பஸ்ஸின் ஹாரனும் சேர்ந்துகொண்டது.

“இன்னும் வீசுங்க மச்சான். சீக்கிரமா வந்துருவாங்க” என்றான் சோணை. அவனுக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

பஸ் கிளம்பவில்லை. யாரோ கை காட்டி நிறுத்தினார்கள். பேயாண்டி, கடைசியில் ஒருத்தனுக்காவது புத்தி வந்தது என்று பார்த்தால், விஷயம் அதில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் தண்ணீரில் இறங்கக் கூடாதாம். பழத்தைத் தேடுகிறார்கள். தாம்பாளத்தை இறக்கிப் பார்த்தார்கள். சீர்க் கூடைகளைப் பிரித்தார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வேண்டும். மூன்றுதான் கிடைத்தது போலிருக்கிறது. நாலாவது பழம் இல்லாமல் ஓர் அடி நகரமாட்டோம் என்று அத்தனை பேரும் இறங்கிவந்து கால் கடுக்க நின்றார்கள்.

பேயாண்டி அதைப் பார்த்தபடி நின்றார். ஆளை உருட்டிக்கொண்டு போகிற தண்ணீரைக் கண்டு பயப்படாத கூட்டம், ஒரு எலுமிச்சம்பழம் குறைந்ததற்குப் பயப்படுகிறது.

“மாப்ள, வாடா வீட்டுக்கு!” என்று திரும்பி ஓடினார்.

பந்தலுக்குள் நுழைந்ததும் நேரே ஈசானி மூலைக்குப் போய் முகூர்த்தக்காலைக் கட்டிப்பிடித்து அசைத்தார். ரெங்கம்மாள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள்.

“இந்தா! உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? தாலி ஏறாம முகூர்த்தக்காலைப் புடுங்குறதா? எந்த ஊர்ல அடுக்கும்?”

“கம்பை ஓடையில குறுக்கே போடணும்டி. பஸ்ஸு எறங்கப்போகுது. கல்லே முழுகிக் கெடக்கு.”

“வேற கம்பைப் போடுங்க! பந்தல்ல எத்தனை நிக்குது!”

“வேற கம்புக்கு நிக்கமாட்டாங்க. நானே எத்தனை தடவை கம்பைத் தூக்கவச்சுப் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா? இதுக்குத்தான் நிப்பாங்க.”

“புள்ள வாழ்க்கை என்னாகுறது? ஊரு என்ன பேசும்?”

பேயாண்டி கையில் மஞ்சள் அப்பிக்கொண்டு கம்பைப் பிடித்தபடி நின்றார். ஐயர் விரலால் காதைப் பொத்திக்கொண்டார். இந்தப் பாவத்தைக் கண்ணால் பார்த்தாலும் காதால் கேட்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

உள்ளறை ஜன்னலிலிருந்து சீனியம்மாளின் குரல் வந்தது. தலை நிறையப் பூவும், பாதி கட்டிய ஜடையுமாக அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, புடுங்கவிடும்மா. மாப்பிள்ளையை ஆத்தோட விட்டுட்டு இந்தக் கம்பைக் கட்டிக்கிட்டு நான் குடும்பம் நடத்த முடியாது.”

பந்தலில் இருந்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். ரெங்கம்மாள் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தானே வந்து கம்பின் அடியைப் பிடித்தாள்.

“இழுங்க. மாவிலை உதுந்துராம இழுங்க.”

கம்பு வந்தது. பந்தலின் அந்த மூலை பாயசக் கொப்பரையின் மேல் சாய்ந்தது. சமையல்காரர் இப்போது தன் முறைக்கு ஏசினார். முந்தின ஏச்சுக்கு அது சரியாகப் போயிற்று. முன்னால் பேயாண்டி, பின்னால் சோணை, நடுவில் மாவிலைக் கொத்தைப் பிடித்தபடி ரெங்கம்மாள் என்று மூன்று பேரும் கம்பைச் சுமந்துகொண்டு ஓடினார்கள்.

எதிர்க்கரையில் நாலாவது பழம் கிடைத்துவிட்டது. மாட்டுவண்டிக்காரர் ஒருவர் தன் வண்டியில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸின் முன்சக்கரங்கள் பழத்தை நசுக்கிக்கொண்டு தண்ணீரின் விளிம்புக்கு வந்துவிட்டன. அந்த நேரம் ஊர்க்கரையின் கல்தூண் துளையில் கம்பு போய் உட்கார்ந்தது. தன் பழைய இடத்தில் பொருத்தமாக உட்கார்ந்தது. குறுக்கே கிடந்த மஞ்சள் கம்பின் நடுவில் மாவிலையும் முருங்கைக் கொப்பும் ஆடின.

பாலத்துக்குள் இறங்கும் வாய் அந்தப் பக்கம். கம்பு கிடப்பதோ இந்தப் பக்கம், ஏறும் இடத்தில். இறங்க யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் இறங்கினால் ஏற வேண்டும். ஏறினால் கம்பை முறிக்க வேண்டும். கல்யாண பஸ் போய்க் கல்யாணத்து முகூர்த்தக்காலை முறிப்பதா?

மலையாண்டி அடித்த பிரேக்கில் முகப்பு வாழைக்கன்று முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது. நாயனம் பாதி ராகத்தில் நின்றது. ஜன்னல் தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. சுருளி இறங்கிவந்து, கண்மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பை நோக்கிக் கும்பிட்டார். கணுக்காலைத் தொட்டுக் காட்டிய மாமன் இருந்த இடம் தெரியவில்லை. மலையாண்டி மட்டும் பஸ்ஸைப் பின்னால் நகர்த்தி நிறுத்திவிட்டு, இறங்கி, ஒரு பீடியைப் பற்றவைத்து, புகையை மிகச் சந்தோஷமாக விட்டான். அந்தப் புகை இக்கரைக்கே தெரிந்தது.

பேயாண்டி கல்தூண் அடியில் உட்கார்ந்துவிட்டார். ஐயர் குடையோடு வந்து சேர்ந்தார்.

“பத்தரை தாண்டிடுமே, என்ன பண்றது?”

“நீங்கதான் சொல்லணும் சாமி. வேற நேரமே இல்லியா?”

“உச்சிப் பொழுதுக்கு அபிஜித் முகூர்த்தம் ஒண்ணு இருக்கு. அதுக்குத் தோஷம் கிடையாது.”

“அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“யாரும் கேக்கலையே.”

இதைச் சம்பந்திக்குச் சொல்ல வேண்டும். பேயாண்டி எழுந்து நின்று சூரியனைக் காட்டி, உச்சந்தலையைத் தொட்டு, பத்து விரலையும் விரித்து, அப்புறம் இரண்டு விரலைக் காட்டினார். சுருளி புரிந்துகொண்டார். புரிந்ததும் வியாபாரி விழித்துக்கொண்டார். பத்தும் ஒன்றும் காட்டினார். பேயாண்டி மாட்டேன் என்று தலையை அசைத்துவிட்டு மறுபடி பத்தும் இரண்டும். சுருளி பத்து, ஒன்று, அப்புறம் பாதி மடக்கிய ஒரு விரல். இரண்டு பேரும் பதினொன்றேமுக்காலுக்கு இறங்கிவந்து திருப்தியோடு துண்டை உதறிக்கொண்டார்கள். நடுவில் ஓடிய ஓடை இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

ஆனாலும் அந்த மாதிரித் தண்ணீர் வந்த வேகத்திலேயே போகிற தண்ணீர். இரண்டு சுற்றுக் காப்பி முடிவதற்குள் அளவுக்கல்லின் தலை தெரிந்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் சிவப்புக் கோடு, கழுவித் துடைத்ததுபோலப் பளிச்சென்று. கணுக்கால் அளவு வந்ததும் பேயாண்டி வரச் சொல்லிக் கையைக் காட்டினார். இந்த முறை நிஜமாகவே வரச் சொன்னார்.

ஒருவரும் அசையவில்லை. கம்பு கிடக்கிறதே!

“தூக்குடா சோணை.”

“நானா? கல்யாணம் ஆகாத கம்பை நான் தொடமாட்டேன் மச்சான். ஒரு தடவை தொட்டதே போதும்.”

கடைசியில் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, ரெங்கம்மாள் கம்புக்கு ஆரத்தி சுற்றிய பிறகுதான் அதைத் தூக்க முடிந்தது. அதற்குள் பேயாண்டியின் சொந்தத் தக்காளி வேன் சந்தைக்குப் போக வந்து கம்புக்குப் பின்னால் நின்று, சாலையெல்லாம் சாறு சொட்டியிருந்தது. அன்றைக்கு அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். பஸ் சாதுவாகத் தண்ணீரை விலக்கிக்கொண்டு வந்தது. கம்பு மறுபடி ஈசானி மூலையில் நின்றது. உச்சி வெயிலில் தாலி ஏறியது.

பந்தியில் ஓவர்சியருக்குப் பக்கத்தில் பேயாண்டியே நின்று பரிமாறினார். ஓவர்சியரும் காலையில் டவுன் பஸ்ஸில் வந்து எதிர்க்கரையில் நின்றவர்தான், எல்லாவற்றையும் பார்த்தவர். அவர் வேண்டாமென்று சொன்னதையும் அங்கே ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

“டிரைவருக்கு அறிவு இருக்குன்னு சொன்னேளே” என்றார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

“இருக்குங்கய்யா. நான்தான் கண்ணால பாத்தேனே. வேணாம் வேணாம்னு தலையாட்டுனான். பின்னால உக்காந்திருந்த அறுபது பேரும் சேந்து அதைப் புடுங்கிட்டாங்க.”

“அப்போ கம்பு டிரைவருக்காக இல்லையா?”

“டிரைவருக்குத்தான், சாக்கா. ‘நான் போகத்தான் பாத்தேன், கம்பு கெடக்கே’ன்னு சொல்லிக்கிட்டு மானத்தோட நிக்கலாம்ல? கல்லைக் காட்டி நின்னா பயந்தாங்கொள்ளிம்பாங்க.” பேயாண்டி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். “அதனால ஐயா... பழையபடி கம்பு போடணும்னு ஒரு மனு எழுதியாந்திருக்கேன்.”

ஓவர்சியர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. “எடுக்கணும்னு மனு குடுத்த கையெழுத்தேதானா?”

“அதே கைதாங்க. பேனாதான் வேற.”

“சரி. ஆனா வெறும் கம்பு போட்டா மறுபடி பீடி, மறுபடி தொடையளவு. இன்னிக்கு நின்ன மாதிரி நிக்கணும்னா மஞ்சளும் மாவிலையும் வேணும். எங்க ஆபீஸ்ல பெயிண்டுக்குக் கணக்கு உண்டு, மாவிலைக்குக் கிடையாது. வருஷா வருஷம் ஐப்பசி பொறந்ததும் அந்த அலங்காரமெல்லாம் உங்க பொறுப்பு. ஒத்துண்டா எழுதறேன்.”

பேயாண்டி சாம்பார் வாளியைச் சோணையிடம் கொடுத்துவிட்டு ஓவர்சியருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

“வருஷா வருஷமா? அது கட்டாதுங்கய்யா. மஞ்சள் நான் தாரேன். மாவிலைக்கு ஒங்க ஆபீஸ் வாசல்லயே ரெண்டு மாமரம் நிக்குதே. தேங்காய் ஒரு வருஷம் நீங்க, ஒரு வருஷம் நான்...” என்று சொல்லிக்கொண்டே தோள் துண்டை உருவி ஓவர்சியரின் இடதுகை மேல் போர்த்தி, அதற்கடியில் தன் கையை நுழைத்தார்.

மாட்டுச்சந்தைப் பக்கமே போகாத மனுஷர், துண்டுக்குள் தன் விரல்கள் ஒவ்வொன்றாக நசுங்குவதை அப்பளம் பிடித்த கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தா!” என்று பந்தல் மூலையிலிருந்து ரெங்கம்மாளின் சத்தம் கேட்டது. “அவரு கைய விடுங்க. மோரு வருது.”